இக்கே

தம்பி,

போன்ல சொல்ல வெளிக்கிட்டா "சரியப்பா, பிறகு கதைக்கிறன்" எண்டு வச்சிடுவாய், அதான் எழுதுறன், ஆறுதலா வாசி.

சின்னப் பொடியளுக்கு ட்ரெய்னரா வரச்சொல்லி ஃபுட்போல் கிளப்ல கேட்டவையாம், நீ அம்மாட்ட "போயும் போயும் அடிமட்ட கிளப், என்னோட விளையாடினவங்கள் கண்டா வெக்கம்" எண்டு சொன்னியாம். முழங்கால் போன பிறகு நீ பந்தையே தொடேல்லை. நானும் ஒண்டும் கேக்கேல்லை, கேட்டிருக்க வேணும்.

எனக்கு உடன ஞாபகம் வந்தது ஜெர்மனிக்கு ஃபுட்போல் விளையாடின தோமஸ் ஹெஸ்லரைத்தான். 1989 நவம்பர் 15, பெர்லின் சுவர் திறந்து ஆறு நாள், இஞ்ச கொலோன்ல ஜெர்மனிக்கு வேல்ஸோட மேட்ச், வெண்டாத்தான் இத்தாலி உலகக் கிண்ணத்துக்குப் போகலாம். நான் ரெஸ்டோரண்ட் குசினியில கோப்பை கழுவிக்கொண்டு நிக்கிறன், டிவி முன்னுக்கு பாரில. ஒண்டுக்கு ஒண்டு எண்டு நிக்கேக்க ஒரு சத்தம் பார், நான் கையில கிடந்த கோப்பையை விட்டிட்டன். ஆர் அடிச்சது எண்டு கேக்க, சமைக்கிறவன் தன்ர நெஞ்சளவுக்குக் கையை வச்சுக் காட்டுறான். ஆள் 1 மீட்டர் 66 தான். என்னைவிட ரெண்டு சென்டிமீட்டர் கூட.

பெர்லின் பொடியன், 18 வயசில கொலோனுக்கு வந்தவர். ஜெர்மன்ல "நான்" எண்டுறதுக்கு "இஷ்", அதை பெர்லின்காரர் "இக்கே" எண்டுவினம், அதையே பட்டப்பேராக்கிட்டாங்கள். நாங்கள் "எண்டு" எண்டு வாய் திறந்தோடன பிடிபடுற மாதிரி!

பிறகு யுவெண்டஸ், ரோமா, கார்ல்ஸ்ரூஹே கிளப்புகள். 1990 உலகக் கிண்ண ஃபைனலில விளையாடினவர், 96 யூரோ கப்பும் இருக்கு, ஜெர்மனிக்கு 101 மேட்ச். ஆனா எனக்கு 92 யூரோதான். முதல் மேட்ச்ல, பழைய சோவியத் டீமோட தோக்கப்போற நேரம், கடைசி நிமிசத்தில ஒரு ஃப்ரீகிக், மறிச்சு நிண்ட ஆக்களுக்கு மேலால போய் கோலுக்குள்ள விழுந்துது. செமி ஃபைனலில சுவீடனுக்கும் ஃப்ரீகிக்தான். டோர்ட்முண்ட்ல பெஞ்சில இருத்தி வச்சவங்கள், முடிஞ்சுது ஆள் எண்டாங்கள், அவர் 33 வயசில "1860 மியூனிக்" எண்ட கிளப்புக்குப் போய் முதல் சீசனிலயே அவையை நாலாமிடத்துக்குக் கொண்டுவந்தார்.

அப்பிடிப்பட்ட ஆள் 2016ல பெர்லின்ல க்ளப் இத்தாலியாவுக்கு ட்ரெய்னர். எங்களைப்போல வந்து சேந்த இத்தாலிக்காரர் தொடங்கின அமெச்சூர் கிளப், பகல் முழுக்க வேலை செய்திட்டு பின்னேரம் வந்து ஓடுற பொடியள். அதுக்குப் பிறகு ப்ராய்சன், அதுவும் அமெச்சூர்தான். (நடுவில காட்டுக்குள்ள விட்டுப் படம் பிடிக்கிற டிவி ஷோவுக்கும் போனவர், அது எனக்குப் பிடிக்கேல்லை, விடு.)

அவரைப் பாத்துப் படி எண்டு நான் சொல்லேல்லை. அவரை ஜெர்மனிக்கு 101 தரம் கூப்பிட்டவை, உன்னை ரிசேர்வுக்கே மூண்டு தரம்தான் கூப்பிட்டவை, ஒப்பிடவே ஏலாது. ஆனா நீ ஒம்பது வயசில ஃப்ரீகிக் பழகி எங்கட கராஜ் கதவை நெளிச்சது ஞாபகமிருக்கோ? இன்னும் அப்பிடியேதான் கிடக்கு, நான் மாத்தேல்லை.

எந்தக் கிழமை தொடங்குறாய் எண்டு சொல்லு, சனிக்கிழமை எண்டா ட்ரெயின்ல வாறன். அம்மா ரோல்ஸ் பொரிச்சுத் தாறாவாம், எத்தினை பொடியள் எண்டு கேக்கிறா.

அப்பா