கொள்ளிடத்து நீரும் பிச்சாவரத்துச் சேறும்

சிதம்பரம்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

இங்கு அனைவரும் நலம். கண்புரை அறுவைக்குப் பிறகு உன் கைப்பட எழுதிய கடிதம் கிடைத்தது. எழுத்து முன்பைவிட நேராக வந்திருப்பதைப் பார்த்தால் பார்வை நன்றாகவே திரும்பியிருக்கிறது என்று தெரிகிறது. மங்களத்திடமும் என் மகிழ்ச்சியைச் சொல். எனக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் படகில் ஏறி இறங்க முடிகிறது. பேத்தி ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவளுடைய அறிவியல் பாடத்துக்கு நான்தான் வாத்தியார்.

கொள்ளிடத்தில் திறந்துவிட்ட வெள்ளம் முழுவதும் வீணாகக் கடலுக்குப் போய்விட்டது என்று வருந்தி எழுதியிருந்தாய். பொதுப்பணித் துறையில் வாழ்நாளெல்லாம் மதகுகளோடும் ஷட்டர்களோடும் கழித்த உனக்கு அந்த ஆற்றாமை இருப்பது இயல்புதான். ஆனால் அந்த நீர் கடலைத் தொடுவதற்கு முன்பு என்ன வேலை செய்துவிட்டுப் போகிறது என்பதை ஆற்றின் இந்தக் கோடியில் இருந்துகொண்டு நான் பார்க்கிறேன். அதனால் உன்னை மறுத்து எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே, கிள்ளைக்கு அருகில், ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் பிச்சாவரத்துக் கண்டல் காடு, மாங்குரோவ் என்கிறார்களே அது, கிடக்கிறது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு சுற்றுலாக் கூட்டம் இன்னும் பெருகிவிட்டது. வருகிறவர்கள் பச்சையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பச்சையை நிறுத்தி வைத்திருக்கும் கணக்கு நீருக்குள்ளும் சேற்றுக்குள்ளும் நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று நீர் புகுந்து கழிமுகத்தின் உப்பு வெகுவாகக் குறைகிறது. கோடையில் அதே வாய்க்காலின் நீர் கடல்நீரின் அளவுக்கு, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்ற அளவுக்கு, கரிப்பேறிவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க ஒவ்வொரு மரமும் ஒரு வழி வைத்திருக்கிறது. சுரபுன்னை உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. வெண்கண்டலோ உப்பை ஓரளவு உள்ளே விட்டு, பிறகு இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. வெயில் நேரத்தில் அதன் இலையைத் திருப்பிப் பார்த்தால் பொடிப் பரல்கள் மினுங்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். நிலத்தை ஒட்டிய ஓரங்களில் தில்லை மரமும் உண்டு. நம் ஊருக்குப் பெயர் கொடுத்த மரத்தை நடராசர் கோயிலில் தேடுகிறவர்கள் இங்கே வந்து பார்க்கலாம், அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால்.

பேத்தியின் புத்தகத்தில் உயிருள்ள காரணிகள், உயிரற்ற காரணிகள் என்று நடுவே கோடு கிழித்து இரண்டு பட்டியல் போட்டிருக்கிறார்கள். மண் இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. கடல்நீர் இறங்கி வற்றம் கண்ட நேரத்தில் அவளைக் கரைக்கு அழைத்துப் போய் ஒரு கை சேற்றை எடுத்துப் பிளந்து காட்டினேன். அழுகிய முட்டை நாற்றம் வந்தது, முகத்தைச் சுளித்தாள். அந்தச் சேற்றுக்குள் காற்று புகுவதில்லை. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரிலுள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்திக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகின்றன. நாற்றம் அதனுடையது, அது இரும்போடு சேர்வதால்தான் சேறு கறுத்திருக்கிறது. அந்தக் கறுப்புக்கு நடுவில் மெல்லிய வேர் ஒன்று ஓடியது, அதைச் சுற்றிலும் துருவின் நிறத்தில் ஒரு வளையம். வெண்கண்டல் சேற்றுக்கு மேலே பென்சில் பென்சிலாக நீட்டியிருக்கும் மூச்சு வேர்கள் இழுக்கும் காற்றில் ஒரு பங்கு, அடியிலுள்ள வேர்களிலிருந்து கசிந்து சேற்றின் இரும்பைத் துருவாக்கியதன் அடையாளம் அது. அந்தச் சல்ஃபைடு நச்சு தன் வேரைத் தொடாமல் இருக்க மரம் தன்னைச் சுற்றியுள்ள மண்ணின் வேதியியலையே மாற்றிவிடுகிறது. இந்த மண்ணை எந்தப் பட்டியலில் எழுதுவது என்று அவள் கேட்டாள்; தேர்வில் புத்தகத்தில் உள்ளபடியே எழுதச் சொன்னேன், வேறென்ன செய்ய?

நண்டுகளும் இதே வேலையைத் தம் பங்குக்குச் செய்கின்றன. அவற்றின் வளைகள் வழியாக, கடல் ஏறி இறங்கும்போது வந்து போகும் ஓத நீரும் காற்றும் சேற்றின் ஆழத்துக்குப் போகின்றன. ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையோரக் கண்டல் காட்டில் சில பகுதிகளிலிருந்து நண்டுகளைப் பிடித்து அகற்றிவிட்டு ஆய்வாளர்கள் மண்ணைச் சோதித்தார்கள். 1991இல் வெளியான அந்த ஆய்வின்படி, நண்டில்லாத மண்ணில் சல்ஃபைடு கூடியது, மரங்களின் வளர்ச்சி குறைந்தது.

நீ பொறியாளன் என்பதால் உனக்கென்று ஒரு செய்தியை வைத்திருக்கிறேன். பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இந்தக் காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றில் உள்ள மரங்கள் அனைத்தையும் ஒரே வீச்சில் வெட்டி விற்று, சில ஆண்டுகள் கழித்து அடுத்த கூற்றுக்குப் போகும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் விதை விழுந்து காடு தானாகத் திரும்பிவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. திரும்பவில்லை. மாடு மேய்ப்பவர்கள் மீதும் விறகு பொறுக்குபவர்கள் மீதும் பழி விழுந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் நிலத்தை ஆராய்ந்தபோதுதான் காரணம் விளங்கியது. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் ஆவியாகி, மண் சுருங்கி, அந்த இடம் சற்றே தாழ்ந்தது. பெரிய பள்ளம் ஒன்றுமில்லை, ஆனால் அங்கே ஓதத்தின் ஏற்றமே ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் அந்தச் சிறு தாழ்வு போதுமானதாக இருந்தது. ஏற்றத்தில் புகுந்த நீர் வற்றத்தில் வெளியேற வாட்டமில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனது. ஆண்டுதோறும் இப்படியே நடந்து, காடு இருந்த இடம் வேதாரண்யத்து உப்பளப் பாத்தி போல ஆகிவிட்டது. கண்டல் உப்பில் வாழும் மரம்தான், ஆனால் அதன் இளங்கன்றுக்கு அந்த உப்பு தாங்காது. மரத்தை வெட்டினால் மரம்தான் போகும் என்று நினைத்தார்கள். நிலமட்டமும் போனது, நீரோட்டமும் போனது.

அதற்குக் கண்ட மருந்து உன் துறையைச் சேர்ந்தது. இயற்கை வாய்க்காலிலிருந்து பள்ளத்தின் ஊடே ஒரு தாய்க்கால், அதன் இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளைக்கால்கள் என்று மீன் முள் வடிவில் வெட்டினார்கள். வனத்துறையும் சுற்றியுள்ள ஊர்க்காரர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். ஓத நீர் நாள்தோறும் உள்ளே வந்து நாள்தோறும் வெளியேறத் தொடங்கியதும் சேற்றின் உப்பு குறைந்தது. கால்வாய்ச் சரிவுகளில் வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள், பிடித்துக்கொண்டன. வண்டல் படிந்து கால்கள் தூர்ந்துபோகாமல் அவ்வப்போது தூர்வார வேண்டியிருக்கிறது. எங்கும் மரம் நடுவிழாவும் புகைப்படமுமாக இருக்கும் நாட்டில், முதலில் நீருக்கு வழி விட்டு, பிறகு கன்றை வைத்த இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இலைகள் உதிர்ந்து, பூஞ்சையும் பாக்டீரியாவும் படர்ந்து, மக்கிய துணுக்குகளாகி இறாலுக்கு இரையாகின்றன. அந்த இறாலைக் கலங்கிய நீரில் மூழ்கி வெறுங்கையால் துழாவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இங்கே உண்டு. 2004 சுனாமியின்போது காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்பது உனக்கும் தெரியும். காடு ஒன்றே காத்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஊர் இருந்த மேட்டுக்கும் கடலிலிருந்து அதற்கிருந்த தொலைவுக்கும் அதில் பங்கு உண்டு.

இப்போது உன் வருத்தத்துக்கு வருகிறேன். ஓதம் எத்தனை முறை வந்து போனாலும் கொண்டுவருவது கடல்நீரைத்தான். அந்த உப்பைக் கடலின் அளவுக்குக் கீழே இறக்கக்கூடியது மழையும் ஆற்று நீரும் மட்டுமே; மரங்கள் ஊன்றி நிற்கும் வண்டலும் ஆறு கொண்டுவந்து போட்டதுதான். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு அந்த வண்டலில் ஒரு பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. டெல்டாவின் வயலுக்கு நீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குறுவை காய்ந்த ஆண்டுகளை நானும் பார்த்திருக்கிறேன். கடைமடை என்று நீங்கள் குறிக்கும் வரைபடத்தில் கடைசி வயலுக்குப் பிறகும் இப்படி ஒரு பாசனப் பரப்பு இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

உன்னிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். அணைக்கரையில் கீழணைக்குக் கீழே கோடை மாதங்களில் எத்தனை கன அடி நீர் விடப்பட்டது என்ற பழைய குறிப்புகள் உன் நண்பர்கள் யாரிடமாவது இருந்தால் வாங்கி அனுப்பு. மாதவாரியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. பங்குனிக்குள் நீங்கள் இருவரும் இங்கே வந்தால், வெயில் ஏறுவதற்கு முன் காலைப் படகில் மீன் முள் கால்களைக் காட்டுகிறேன். வாட்டம் சரியாக இருக்கிறதா என்று நீயே பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்
இராமலிங்கம்