போன் நம்பர் தராவிட்டால் பில் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் தெரு மருந்துக் கடையில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போனால், முதலில் போன் நம்பரைத்தான் கேட்கிறார்கள். தர மறுத்தால், "நம்பர் இல்லாம பில் போட முடியாதுங்க" என்கிறார் கல்லாவில் இருப்பவர். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, நாமும் சொல்லிவிடுகிறோம். யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் அப்புறம் யார் யார் கைக்குப் போகும்? வாடிக்கையாளரின் எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே சொல்லிவிட்டது. கடைகளில் யாரும் அதைச் சட்டை செய்வதாகத் தெரியவில்லை.

சரி, சட்டமாவது காக்கும் என்று பார்த்தால் அங்கேதான் பெரிய ஓட்டை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 6 ஆண்டுகள் கழித்து வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி, அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசே விலக்கு அளித்துக்கொள்ள இடம் தருகிறது. கண்காணிப்பவரே தனக்கு விலக்கு எழுதிக்கொள்வது எந்த ஊர் நியாயம்? அந்தப் பிரிவை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். விலக்கு வேண்டுமென்றால், அதற்கான காரணத்தை முதலில் ஒரு நீதிபதியிடம் அரசு சொல்லட்டும்.

ஒரு வாசகர்,
திருச்சி