குருமண்வெளித் துறையிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்கள் பாட்டு வீடியோ முடிந்துவிட்டது. நாலு நிமிடம் பத்து செக்கன். கடைசியில் பெயர் ஓடுவதற்கு இருபது செக்கன்தான் மிஞ்சியது, பாடியவர், இசை, கமரா, எடிட்டிங் என்று போட்டதுமே அதுவும் முடிந்தது. படம் பிடித்தது இரண்டே நாள். ஆனால் அதற்கு முன்னால் மாசியிலிருந்து சித்திரை வரைக்கும் கொப்பியும் பேனையுமாக ஊர் ஊராகத் திரிந்து, கேட்டு, எழுதி, வெட்டி, திரும்ப எழுதிய காலம் ஒன்று இருக்கிறது, அந்தக் காலத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர் பெயர்கூட அந்த இருபது செக்கனுக்குள் வரவில்லை. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

வெளியூர் ஆட்களுக்காக ஒரு வார்த்தை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடற்பக்கம் எழுவான்கரை, மேற்கே வயல்பக்கம் படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்க மோட்டார் சைக்கிள், ஆள், மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவைக்குப் பெயர் ‘பாதை’. அந்தப் பாதையில் தினமும் வேலைக்குப் போய்வரும் ஒரு அம்மாவைப் பற்றியதுதான் எங்கள் பாட்டு. மெட்டும் வரியும் எங்கள் ஐந்து பேருடையதுதான்.

அப்படிச் சொந்தப் பாட்டு ஆனதற்கே முதல் நன்றி எங்கள் மேற்பார்வை சேருக்கு. எல்லாருக்கும் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டுக்குப் படம் பிடிப்பதுதான் எங்கள் முதல் யோசனை. சேர் மறுப்பாக எதுவும் சொல்லவில்லை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை வாசித்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். ஆக்கியவர் இறந்து 70 வருடம் வரைக்கும் பதிப்புரிமை உண்டு என்று வாசித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது, அடுத்தவர் பாட்டில் நாங்கள் எவ்வளவு பாடுபட்டாலும் அதைத் துணிந்து வெளியில் போட முடியாது. அன்று இரவே பாட்டு எழுத உட்கார்ந்தோம்.

அப்புறம் மீடியா படிப்பிக்கிற ரீச்சர். உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் எடுத்த எங்கள் ஆள் ஒருத்தியின் பழைய ரீச்சர் அவர், எங்களுக்கு எந்தக் கடமையும் இல்லாதவர், மூன்று ஞாயிறு பின்னேரம் தன் வீட்டு விறாந்தையில் எங்களை இருத்திப் பிளேன்ரீ தந்து பாடம் எடுத்தார். பாட்டு வீடியோக்களைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு படத்தைப் பார்க்காமல் பாட்டை மட்டும் கேட்கச் சொன்னார். வெட்டு எந்த இடத்தில் விழுகிறது, ஒரு ஷொட் எத்தனை செக்கன் நிற்கிறது, பாடுகிறவர் முகம் எத்தனை தரம் வருகிறது என்று கொப்பியில் கோடு போட்டு எண்ண வைத்தார். அண்ட்ரூ குட்வின் 1992இல் எழுதிய ஒரு கருத்தை அவர்தான் எங்களுக்கு விளங்க வைத்தவர்: படம் பாட்டு வரியை அப்படியே காட்டலாம், வரிக்கு மேலதிகமாக ஒன்றைச் சேர்த்துப் பெருக்கலாம், இல்லையென்றால் வரிக்கு ஒத்துவராத வேறொன்றைச் சொல்லலாம். எங்கள் முதல் ஸ்டோரிபோட்டில், அதாவது ஒவ்வொரு ஷொட்டையும் கட்டம் கட்டமாக வரைந்து வைத்த கொப்பியில், பாட்டில் தோணி என்று வந்தால் படத்திலும் தோணி, அம்மாவின் கை என்று வந்தால் கை, கண்ணீர் என்றால் கண்ணீர். ரீச்சர் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் “இது எனக்கு ஏற்கெனவே கேட்டுவிட்டது” என்று பென்சிலால் எழுதித் தந்தார். நாற்பத்தாறு கட்டத்தில் முப்பத்தொன்று போய்விட்டது. அந்தக் கொப்பியை நான் வைத்திருக்கிறேன், ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன்.

சரி, இப்போது பாதையில் வந்த ஆச்சிக்கு வருகிறேன். இந்த மடலை எழுதத் தொடங்கியதே அவருக்காகத்தான். இடம் பார்க்கவென்று பங்குனியில் ஒரு நாள் விடியப்புறமே மண்டூர்ப் பக்கம் போய், முதல் பாதையில் ஏறி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தோம். கமராவை எங்கே வைப்பது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று எங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தபோது, கத்தரிக்காய்ப் பையோடு நின்ற ஆச்சி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “எங்களுக்கு விடியவும் முகத்துல வெயில், பொழுதுபடவும் முகத்துல வெயில், புள்ள.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. காலையில் படுவான்கரையிலிருந்து கிழக்கே போகிறவருக்கு எழும் சூரியன் நேரே முகத்தில், பின்னேரம் மேற்கே திரும்பும்போது படும் சூரியனும் நேரே முகத்தில். கரைகளின் பெயரிலேயே அது இருக்கிறது. சின்ன வயதிலிருந்து அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், ஆனால் நடுவில் நாற்பது வருடம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு முகம் இருப்பதை அதுவரை நாங்கள் ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்கே கதை மாறியது. அழுகை ஒன்றும் வேண்டாம், அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கட்டும், காலையிலும் பின்னேரமும், அதே இடத்தில். வீடியோவில் அந்த இரண்டு ஷொட்டும் அடுத்தடுத்து வரும்போது பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், யாருடைய யோசனை என்று. ஆச்சி, அது உங்களுடையது. உங்கள் பெயரைக் கேட்டு வைக்காமல் இறங்கிவிட்டோம். பிறகு நாலு தரம் முதல் பாதையில் வந்து தேடினோம், காணவில்லை. இதை வாசிக்கிற யாருக்காவது அவரைத் தெரிந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

பாதை ஓட்டுகிற அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. “சித்திரை கழிஞ்சா கச்சான் காத்து தொடங்கிரும், அதுக்கு முதல் முடிச்சிருங்க” என்று அவர்கள் சொன்னதை வைத்துத்தான் எங்கள் நாள் அட்டவணையே போட்டோம். அந்த நாட்களில் ஆறு மணிக்குச் சற்று முன்னாலேயே சூரியன் வந்துவிடும், நல்ல வெளிச்சம் ஒரு மணித்தியாலம்தான். எந்த நடையில் சனம் குறைவு, எந்த நடையில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், அந்த நேரம் ஆட்களை மறித்துப் படம் எடுக்கக் கூடாது என்று நேரம் நேரமாகச் சொல்லித் தந்தார்கள். மண்டூர்க் கந்தசுவாமி கோயில் ஆவணித் தீர்த்தத்துக்குச் சனம் கடக்கிற கதையையும் சொன்னார்கள், அது இன்னொரு வீடியோவுக்கு இருக்கட்டும்.

எங்களுக்கு ‘முடியாது’ என்று சொன்ன, கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் ஐயாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பாட்டின் இடையில் கண்ணகை அம்மனைக் குளிர்விக்கப் பாடுகிற குளிர்த்திப் பாடலில் இரண்டு வரி வைக்க ஆசைப்பட்டு அனுமதி கேட்டுப் போனோம். அது வைகாசியில் கதவு திறந்து சடங்கு நடக்கிற நாட்களுக்கு உரியது, வீடியோவுக்கு உரியதல்ல என்றார். கோபமாகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லி, ஏன் என்பதை ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். பிறகு அவராகவே, “வசந்தன் இருக்குத்தானே, அது புள்ளைகள் ஆடுற ஆட்டம்” என்று சொல்லித் தன் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கோலடித்துக் காட்டச் சொன்னார். பாட்டின் நடுவில் வருகிற அந்தக் கோலடிச் சத்தம் அந்த முற்றத்தில் போனில் பதிந்ததுதான். எங்கள் மெட்டின் நடையையே அதற்குப் பிறகு கொஞ்சம் மாற்றினோம், இப்போது கேட்டால் முதலில் போட்ட நடை எவ்வளவு வெறுமையாக இருந்தது என்று தெரிகிறது.

கல்லடியில் மீன்பிடிக்கிற மாமா ஒருவர் பறுவத்தன்று, அதாவது முழுநிலவன்று, இரவு பாலத்தடியில் தன் தோணியில் எங்களைக் கொண்டுபோனார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் பாடும் மீன் கேட்கும் என்பார்களே, அதற்காக. எனக்கு மெல்லியதாக ஒரு ரீங்காரம் கேட்டது. பதிவில் எதுவும் தெளிவாக விழவில்லை, அதனால் பாட்டில் சேர்க்கவில்லை. ஆனால் பாட்டின் தொடக்கத்தில் எட்டுச் செக்கன் ஒரு வாத்தியமும் இல்லாமல் விட்டது அந்த இரவைக் கேட்ட பிறகுதான். மாமா எண்ணெய்க்குக்கூடக் காசு வாங்கவில்லை.

பாடிய தங்கச்சியின் அம்மாவுக்கு. ஸ்லோமோஷன் ஷொட்டை நொடிக்கு 50 பிரேமில் எடுத்து 25இல் ஓட்டினால் அசைவு பாதி வேகத்துக்கு வரும், வாயசைவு பொருந்த வேண்டுமென்றால் எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போட்டு அதற்கு ஏற்றபடி பாட வேண்டும். இது திட்டமிடும்போதே தெரிந்தபடியால் இரண்டு கிழமை முன்னாலிருந்தே பயிற்சி எடுத்தாள். அந்த இரண்டு கிழமையும் வீட்டில் அந்தக் கீச்சுக்குரல் பாட்டைக் கேட்டுக்கொண்டு சமைத்துக் கொண்டிருந்தவர் அவர்.

ட்ரோன் இல்லாமல் உயரத்திலிருந்து வாவியைக் காட்டியதற்கு அரிசி ஆலை ஐயாதான் காரணம். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவு, அனுமதி எல்லாம் எடுக்க வேண்டும், எங்களிடம் நாளும் இல்லை, காசும் இல்லை. ஐயா தன் ஆலைக் கூரையில் ஏறவிட்டார், கீழே நின்று ஏணியையும் பிடித்தார்.

வாடகைக்குப் பேசி முற்பணமும் வாங்கிய இடம் ஒன்று கடைசி நாள் இரவு கமரா இல்லை என்று கைவிரித்தபோது, கலியாண வீடு படம் பிடிக்கிற அண்ணன் ஒருவர் தன் சொந்தக் கமராவை நம்பித் தந்தார். அவருக்கு அந்தக் கிழமை வேலை இருந்தது, பழைய கமராவோடு போய்ச் சமாளித்திருக்கிறார். பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அண்ணா, அதை எப்படித் திருப்பித் தருவது என்று தெரியவில்லை.

வருகிற ஞாயிறு கடைசிப் பாதை போன பிறகு, குருமண்வெளித் துறையில் வெள்ளைச் சீலை கட்டி வீடியோவைப் போட்டுக் காட்டப்போகிறோம். மேலே சொன்ன எல்லாரும் வரவேண்டும். அரிசி ஆலை ஐயா, உங்கள் ஏணி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது, சீலை கட்டிவிட்டு அன்றே கொண்டுவந்து தருகிறோம்.