பாப்பாவுக்கு, அந்த மஞ்சள் பெயிண்டைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அத்தை வீட்டு கிரகப்பிரவேசம், சின்னவன் வேலை மாறியது எல்லாம் அம்மா சொல்வாள். நான் நீ அனுப்பிய கட்டில் படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். "இதுக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கலாமாப்பா?" என்று ஒரு வரி. அதன் பிறகு போன் எடுக்கவில்லை. வேலை இருந்திருக்கும். குழந்தைக் கட்டில் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

மரம் தேக்குதான். நாலு காலிலும் பழைய பாலிஷ் இருக்கிறது, மூலைப் பொருத்து விலகவில்லை. பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் பக்கத்து அழிக்கட்டைகளில் வெள்ளை உரிந்த இடத்தில் அடியில் மஞ்சள் தெரிகிறது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே.

பழைய எனாமலில் அந்த மாதிரி அடர் மஞ்சளுக்கு ஈயக் குரோமேட் சேர்ப்பது வழக்கம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் போடப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தேய்த்தால் நைசான தூள் தரையிலும் துணியிலும் படியும், கையில் ஒட்டிச் சாப்பாட்டோடு உள்ளே போகும். சூடு காட்டி உரித்தால் மூச்சில் ஏறும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற சரக்கு அது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெண்கள் உடம்பில் சேர்ந்தால் இரத்தம் வழியாகக் கருவுக்கும் போகும். பொதுவாகச் சொல்கிறேன்.

மேலே புதுப் பூச்சு கொடுத்து மூடிவிட்டால் என்ன என்பாய். கை படாத அலமாரி என்றால் மூடிவிடலாம். பல் முளைக்கிற பிள்ளை கட்டிலின் மேல் சட்டத்தைத்தான் கடிக்கும், கடிக்கிற இடத்தில் எந்தப் பூச்சும் நிற்காது. அதனால் மஞ்சள் இருக்கிற பக்கச் சட்டங்களை அப்படியே கழற்றிவிடுவதுதான் சரி. ஆசாரியை வரச் சொல்லி, வீட்டுக்கு வெளியே வைத்து, பொருத்துகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டு கழற்றச் சொல். கழற்றியதை யாரும் விறகுக்கு எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள். எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் வரும்.

அழிக்கட்டைகளுக்கு நடுவே இடைவெளியும் அதிகம் என்று படத்திலேயே தெரிகிறது. 6 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. மேலே போனால் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். உள் நீளம் 120 செ.மீ., அகலம் 60 என்றால், 2.5 செ.மீ. அகலத் தேக்கு ரீப்பர் நீளப் பக்கத்துக்குப் பதினாறு, அகலப் பக்கத்துக்கு ஏழு. இடைவெளி முறையே 4.7, 5.3 வரும். பழைய துளைகள் அகல இடைவெளிக்குப் போட்டவை, ஆகவே மேல் சட்டமும் கீழ்ச் சட்டமும் புதிதாகவே வேண்டும். எல்லா முனையையும் மழுக்கச் சொல். ஒரு பக்கம் கீழே இறங்குகிற மாதிரி இருந்தால் அதை நிரந்தரமாகப் பூட்டிவிடு. அந்த அமைப்பை அமெரிக்காவில் 2011-இல் தடையே செய்துவிட்டார்கள்.

இனி வெள்ளை. காலில் இருக்கும் பாலிஷ் அரக்கா என்று தெரிய, மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்தால் போதும், அரக்கு என்றால் பிசுபிசுக்கும். அதை உரிக்க வேண்டியதில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, 220 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து மினுமினுப்புப் போகிற அளவு தேய்த்து, ஒரு நாள் காயவிட வேண்டும். இதையும் மாப்பிள்ளை செய்யட்டும். நீ செய்யாதே.

தேக்கின் மேல் தண்ணீர் பெயிண்ட் நேராக அடித்தால், மரச்சாறு ஏறி வெள்ளையில் பழுப்புக் கறை வரும். எத்தனை கோட் அடித்தாலும் மறுபடி வரும். அதற்கு அரக்குப் பூச்சுதான் தடுப்பு. 250 மில்லி ஸ்பிரிட்டில் 30 கிராம் அரக்குச் செதிலை இரவு ஊறவைத்து, அடியில் படியும் மெழுகை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். மெழுகு கலந்தால் பிரைமர் ஒட்டாது. புது மரம், பழைய கால் இரண்டுக்கும் மெல்லிசாக ஒரு கை. மழை நாளில் வேண்டாம், ஈரம் பட்டு வெளுத்துப் போகும். பிறகு தண்ணீர் பிரைமர் ஒரு கை, ஆறு மணி நேரம் கழித்து 320 தாளால் லேசாகத் தேய்ப்பு, அப்புறம் தண்ணீர் எனாமல் இரண்டு கை. பிரைமர் அரை லிட்டர், எனாமல் ஒரு லிட்டர் போதும். ஆயில் எனாமல் வாங்காதே. வாடை நாள்கணக்கில் நிற்கும், வெள்ளை சீக்கிரம் மஞ்சளடிக்கும். அழிக்கட்டைக்கு 1 அங்குல பிரஷ். அடித்துப் பத்து நிமிடம் கழித்துக் கீழ் முனைகளைப் பார்த்து வழிசலை இழுத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு சரிசெய்ய முடியாது.

மாப்பிள்ளைக்கு நேரமில்லை என்றால் பெயிண்டரை வை, பணம் நான் அனுப்புகிறேன். வேலை நடக்கும் அறையில் நீ இருக்காதே. முகமூடி போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லாதே, தூளுக்கான முகமூடி ஸ்பிரிட் ஆவியைத் தடுக்காது. எதையும் நீயே செய்து பார்க்கிற பிள்ளை நீ, எனக்கு அதில் பெருமைதான். இந்த ஒரு தடவை மட்டும் சும்மா உட்கார்ந்திரு.

தொட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் பூச்சு முழுசாக இறுக மூன்று நாலு வாரம் ஆகும். அதற்கு முன் மெத்தை போடக் கூடாது. ஆசாரி வேலைக்கும் ஒரு வாரம் வை. எந்த மாதத்துக்குக் கட்டில் வேண்டும் என்று மட்டும் சொன்னால், எப்போது தொடங்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அம்மாவிடம் சொன்னாலும் சரி.

கட்டிலின் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. கால்களிலோ அடிச்சட்டத்திலோ மஞ்சள் இருந்தால் அந்தக் கட்டிலே வேண்டாம், இங்கிருந்து நான் வேறு செய்து அனுப்புகிறேன். படம் எடுக்கக் கட்டிலைப் புரட்ட வேண்டியிருக்கும். மாப்பிள்ளை வந்த பிறகு அவர் புரட்டட்டும், நீ கனம் தூக்காதே.

அன்புடன்,
அப்பா