தேர்ச்சி விழுக்காடு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறைந்ததுமே 'தரம் சரிந்துவிட்டது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்த ஆண்டு அங்கே படித்தவர்கள் யார் யார் என்று பார்ப்பதே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. 100 மாணவர்களில் 80 பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் 64 பேர் தேர்ச்சி. மீதி 20 பேர் ஏழைப் பிள்ளைகள். 8 பேர் தேர்ச்சி. மொத்தம் 72 விழுக்காடு. அடுத்த ஆண்டு ஏழைப் பிள்ளைகள் 40 பேராகி, 18 பேர் தேறுகிறார்கள். வசதியான 60 பேரில் 51 பேர். இரு பிரிவிலும் தேர்ச்சி 5 விழுக்காட்டுப் புள்ளி கூடியிருக்கிறது (40-லிருந்து 45, 80-லிருந்து 85). மொத்தமோ 69! முன்பைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களுக்குக் கிடைப்பது வசவுதான். இது பெரிய அநியாயம்.

குடும்பப் பின்னணிக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க அரசுக்காகச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தயாரித்த அறிக்கை 1966-லேயே காட்டிவிட்டது. வருமானம், இனம், மாற்றுத்திறன் எனப் பிரித்து முடிவுகளை வெளியிட வேண்டும் என்று 2002-ல் அங்கே சட்டமும் வந்தது. 2015-ல் அந்தச் சட்டத்தை மாற்றியபோதும் இந்த விதியைக் கைவிடவில்லை.

இங்கும் முடிவுகளை இப்படிப் பின்னணிவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். ஆனால் ஏழைப் பிள்ளைகள் இவ்வளவுதான் என்று கைகழுவ இந்த விவரம் சாக்காகிவிடக் கூடாது. ஆறாம் வகுப்பில் நுழைந்தபோது எந்த நிலை, எட்டாம் வகுப்பை முடிக்கும்போது எந்த நிலை என்பதையும் பக்கத்திலேயே போட வேண்டும். அடுத்த முறை தங்கள் நாளிதழில் பள்ளிகளின் தரவரிசை வெளியாகும்போது இந்த இரண்டு விவரங்களையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்