வால் இன்னும் தரையைத் தொடவில்லை

அன்புள்ள சேகர்,

ஆறு மாதமாகப் பதில் இல்லை என்று திட்டியிருக்கிறாய். நியாயமான திட்டு, வாங்கிக்கொண்டேன். இங்கே எல்லோரும் சுகம். துண்டைச் சூடேற்றி, வெளிவரும் வாயுவை அளந்த உன் டிடிஎஸ் வளைவைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "டங்ஸ்டனில் டியூட்டீரியம் தங்கவே இல்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாயே, கொஞ்சம் பொறுடா. அணுப்பிணைவு இயந்திரத்தின் சுவராகும் உலோகத்தில் கன ஹைட்ரஜன் (டியூட்டீரியம்) தங்குமா என்பது சின்னக் கேள்வி இல்லை.

சூட்டை 600 டிகிரி செல்சியஸில் நிறுத்திவிட்டாய். வளைவு அங்கே இறங்கி முடியவில்லை, பாதியில் வெட்டிய வாழைத்தண்டு மாதிரி நிற்கிறது. அடிபடாத துண்டு என்றால் நானும் விட்டிருப்பேன். உன்னுடையது அயனிக் கற்றையில் அடிவாங்கிய துண்டு. அணு பெயர்ந்த காலியிடத்தில் மாட்டிய டியூட்டீரியத்தைப் பிடுங்க ஏறக்குறைய 1.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். காலியிடங்கள் கூடிக் குழியாகிவிட்டால் 2 வரை போகும். பிடுங்கிக்கொண்டு கிளம்பினாலும் வழியில் அடுத்த குழியில் விழும். 1000 டிகிரி வரை ஏற்று. நிமிடத்துக்கு 30 டிகிரி வைத்தால் அரைமணி நேரத்து வேலைதானே!

அந்த 600-ஐயே நான் நம்பவில்லை. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் உலைக்குழாயில் ஒட்டியிருக்கிறது, துண்டில் இல்லை. வெற்றிடத்தில் சூடு கதிர்வீச்சாகத்தான் போகும், பளபளவென்று மெருகேற்றிய டங்ஸ்டன் அதை வாங்காமல் தட்டிவிடும். உலை முன்னே ஓடும், துண்டு பின்னால் நொண்டும். அதே அளவு வேறொரு துண்டில் தெர்மோகப்பிளை வெல்ட் செய்து, அதே இடத்தில் வைத்து, அதே வேகத்தில் ஒருமுறை ஏற்றி, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்.

அடுத்தது நிறை 4-ஐ, அதாவது இரண்டு டியூட்டீரியம் சேர்ந்த டி2-வை, மட்டும் எண்ணியது. நிறை 3 எங்கே? கலத்தின் சுவரில் எப்போதும் ஹைட்ரஜன் இருக்கும், அதோடு ஜோடி சேர்ந்து ஹெச்டியாக ஒரு பங்கு வெளியேறும். டி2-வை இரண்டால் பெருக்கி, ஹெச்டியைக் கூட்டினால்தான் கணக்கு. டி2-வைத் தெரிந்த அளவில் கசியவிட்டுச் செய்த அளவுத்திருத்தத்தை அப்படியே ஹெச்டிக்கும் போட்டுவிடாதே, நம் மணி செய்த மாதிரி.

கவனித்தாயா, மூன்று பிழையும் ஒரே பக்கம் சாய்கின்றன. மூன்றும் தங்கியதைக் குறைத்துக் காட்டுகின்றன. என் பயம் அதுதான். பிரிட்டனில் இருந்த ஜெட் என்ற அணுப்பிணைவு இயந்திரத்தில் 1997-இல் 35 கிராம் ட்ரிட்டியம் (எரிபொருளாகும் கதிரியக்க ஹைட்ரஜன்) உள்ளே விட்டார்கள். ஓட்டம் முடிந்தபோது 11.5 கிராம் உள்ளேயே இருந்தது, சுத்தம் செய்த பிறகும் 6 கிராம் போல மிச்சம். கார்பன் அரிந்து, டைவர்ட்டரின் (வெப்பத்தையும் கழிவையும் வாங்கும் அடிப்பகுதி) குளிர்ந்த மூலைகளில் ஹைட்ரஜனோடு படிந்து, செதில் செதிலாக உதிர்ந்தது. 2011-இல் பெரிலியம், டங்ஸ்டன் சுவரோடு ஓட்டியபோது தங்குவது பத்தில் ஒன்றுக்கும் கீழே போனது. அந்த வெற்றியைத்தான் நீ மேற்கோள் காட்டுகிறாய். ஆனால் ஜெட்டின் சுவர் வாங்கிய நியூட்ரான் அடி சொற்பம். மின்நிலையச் சுவரில் அடி ஆழம் முழுக்க இறங்கும், அத்தனை ஆழத்திலும் ஹைட்ரஜன் மாட்டும் பொறி இருக்கும். பிரான்ஸில் கட்டிவரும் ஐட்டர் இயந்திரத்தில் கலத்துக்குள் 700 கிராம் ட்ரிட்டியம்தான் வரம்பு. தங்கியதை வெளியேற்ற டைவர்ட்டரைச் சுடவைப்பது 350 டிகிரியில், முதல் சுவரை 240-இல். உன் வளைவில் அந்த இரண்டு இடத்திலும் கோடு போட்டுப் பார், வலப்பக்கம் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று.

இரண்டாவது துண்டு இருக்கிறதல்லவா? தெர்மோகப்பிள் சரியாகும்வரை அதை உலையில் வைக்காதே. ஆனால் வாரக்கணக்கில் வெளியே போட்டும் வைக்காதே, ஆழமில்லாத பொறிகளில் இருப்பது அறைச்சூட்டிலேயே கசிந்துவிடும். வாத்தியாரிடம் இன்னும் காட்டவில்லைதானே?

அன்புடன்,
ரவி