உதவித்தொகையோடு பயிற்சியும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பார்வை இழந்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தால் கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். என் அக்காவுக்கு நடுவயதில் பார்வை போனது. தொகை கிடைத்தது, சரி. ஆனால் வெள்ளைக் கோலை இடமும் வலமுமாகத் தட்டி நடப்பது, கொதிக்கும் பாத்திரத்தை இறக்குவது, கைபேசித் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைப் பழகுவது என எல்லாவற்றையும் சொல்லித்தர ஆள் கிடைக்க ஓராண்டு ஆனது. அதுவரை வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். இப்போது தனியாகச் சமைக்கிறார். வரவு செலவும் அவர் கையில்தான்.

2006இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு பிறரைச் சாராமல் வாழும் உரிமையையும், 28ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பையும் சொல்கின்றன. இரண்டும் சேர்ந்தே கிடைக்க வேண்டும்.

வேலை கிடைத்ததும் உதவித்தொகையை நிறுத்துவது சரியல்ல. துணைக்கு ஆள், வண்டிக் கட்டணம், கருவிகள் என்று பார்வையின்மையால் வரும் செலவு சம்பளம் வந்தாலும் குறையாது. வேலைக்குப் போனால் கூடவே செய்யும்.

அப்புறம், விண்ணப்பம் அச்சுத்தாளில் மட்டும் இருந்தால், தன் வருமான விவரத்தை அடுத்தவரிடம் சொல்லித்தான் நிரப்ப வேண்டும். பிரெய்லிலும், திரைவாசிப்பான் படிக்கும் வடிவிலும் படிவம் தாருங்கள்.

– ஒரு வாசகர்